நூற்றுக்கு மூன்று மதிப்பெண்

இது நீளமான பதிவு. பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம், வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படியுங்கள். விஷயம் கொஞ்சம் கூச்சமானது. முப்பத்தோரு வருஷம் பாடம் நடத்தியும் வாய்விட்டுப் பேசாத ஒன்றை இப்போதாவது எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவன் என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் விலங்கியல் படித்த பையன். கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகிறது. (அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன், யாரும் துப்பறிய வேண்டாம்.) படம் ஒரு லேப் ரிப்போர்ட். விந்துப் பரிசோதனை. அதில் ஒரு வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தான்: இயல்பான வடிவம் உள்ளவை 3 சதவீதம். கீழே ஒரு செய்தி. "சார், நூத்துக்கு மூணு. மீதி 97 கோளாறாம். நீங்க எனக்கு எழுபதுக்குக் கீழே போட்டதே இல்ல. வீட்ல யார்கிட்டயும் சொல்லல."

உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் காலையில்தான் பேசினான். லேப்பில் ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுத்தார்களாம், யாரும் விளக்கவில்லையாம். இரண்டு நாள் இன்டர்நெட்டில் தேடி, தானே தனக்குத் தீர்ப்பு எழுதி முடித்திருந்தான்.

இந்த இடத்தில் என் பங்கு ஒன்று உண்டு. நம் பாடப்புத்தகத்தில் மனித இனப்பெருக்கப் பாடம் இருந்தது அல்லவா? விந்தணுவின் படம்: தலை, நடுப்பகுதி, வால். நான் என்ன செய்தேன் என்று உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கரும்பலகையில் படத்தை வரைந்தேன், பாகங்களை எழுதினேன். "படத்தை நல்லா பழகிக்கோங்க, மத்ததை வீட்ல படிச்சுக்கோங்க" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டேன். பையன்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். பெண்பிள்ளைகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சாக்பீஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு விட்ட வகுப்பை இன்றைக்கு எடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உயிரியலாக இல்லாமல் வரலாறாகச் சொல்கிறேன். அந்த 3 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதற்கு எவ்வளவு பயப்படுவது என்று தெரியும்.

கதை ஹாலந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் தொடங்குகிறது. ஆண்டனி வான் லீவன்ஹூக் துணி வியாபாரி. கல்லூரி வாசல் மிதிக்காதவர். தானே கண்ணாடியைத் தேய்த்து ஒற்றை லென்ஸ் நுண்ணோக்கிகள் செய்து, கையில் கிடைத்ததையெல்லாம் அதில் வைத்துப் பார்ப்பவர். 1677-இல் லெய்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த யோஹான் ஹாம் என்ற இளைஞர் அவரிடம் ஒரு சின்னக் குப்பியைக் கொண்டுவந்தார். மேகவெட்டை நோய் உள்ள ஒருவரின் விந்து. அதில் வாலுள்ள உயிரிகள் நெளிகின்றன என்றார் ஹாம். நோயால் கெட்டுப்போய் உண்டானவை அவை என்பது அவருடைய எண்ணம்.

லீவன்ஹூக்கிடம் எனக்குப் பிடித்ததே இதுதான்: நோயாளியிடம் இருந்தால் ஆரோக்கியமானவனிடமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பார்த்தார். தன்னுடையதையே. அந்த ஆண்டு நவம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில், பாவமான வழியில் எடுக்கவில்லை, மனைவியோடு கூடிய பின் மிஞ்சியதைத்தான் பார்த்தேன் என்று மெனக்கெட்டு விளக்கியிருக்கிறார். ஆறு நாடித்துடிப்பு நேரத்துக்குள் லென்ஸின் கீழ் வைத்துவிட்டாராம். உருண்டையான உடல், அதைப்போல ஐந்தாறு மடங்கு நீளமுள்ள மெல்லிய வால், மணல் துகள் அளவு இடத்தில் ஆயிரம். படிப்பவர்களுக்கு அருவருப்பாக இருந்தால் இதை அச்சிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். சொசைட்டி அச்சிட்டது. உலகத்தையே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த மனிதருக்கே கூச்சம் இருந்தது என்றால், கவர்ன்மென்ட் ஸ்கூல் வாத்தியார் சாக்பீஸைப் பார்த்ததை மன்னித்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் ஒரே கலாட்டா. 1694-இல் ஹார்ட்சூக்கர் என்பவர் விந்தணுவின் தலைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குட்டி மனிதனின் படத்தைப் போட்டார். பார்த்ததாகச் சொல்லவில்லை, பார்க்க முடிந்தால் இப்படி இருக்கலாம் என்றுதான் சொன்னார். இருந்தும் படம்தான் நின்றது, விளக்கம் மறந்துபோனது. இவை விந்தில் வாழும் ஒட்டுண்ணிகள் என்ற கட்சியும் பலமாக இருந்தது. 1827-இல் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேர் ஸ்பெர்மட்டோசோவா என்று பெயர் வைத்தபோதுகூட, அந்தப் பெயருக்கு 'விந்து விலங்குகள்' என்றுதான் பொருள். விந்தணு ஒன்று முட்டைக்குள் போய் இரண்டின் உட்கருவும் சேருகின்றன என்பதைக் கடல் முள்ளெலி முட்டையில் ஆஸ்கர் ஹெர்ட்விக் காட்டியது 1876-இல்தான். கண்ணில் பட்டதற்கும் வேலை என்ன என்று தெரிந்ததற்கும் இடையில் 199 வருஷம்.

சரி, குழந்தை இல்லாத தம்பதியில் ஆணையும் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்தது? அமெரிக்கப் பெண்கள் நோய் மருத்துவர் மேரியன் சிம்ஸ் 1866-இல் எழுதிய நூலில், உறவுக்குப் பின் நுண்ணோக்கியில் விந்தணுவைத் தேட வேண்டும் என்று சொல்லிவிட்டார். 1913-இல் மேக்ஸ் ஹூனர் அதை ஒரு முறையான பரிசோதனையாக்கினார். ஆனால் அவர்கள் பார்த்தது இருக்கிறதா இல்லையா, உயிரோடா செத்ததா என்பதைத்தான். வடிவம் பற்றிய கேள்வி வேறு இடத்திலிருந்து வந்தது. மாட்டுத் தொழுவத்திலிருந்து.

சிரிக்காதீர்கள். நிஜம். ஒரு பொலிகாளை மலடாக இருந்தால் பண்ணைக்காரனுக்குப் பண நஷ்டம். பசுவின் மேல் பழிபோட்டு அவன் சும்மா இருக்க மாட்டான். அதனால் 1925-இல் வில்லியம்ஸ், சாவேஜ் என்ற இருவர் காளைகளின் விந்தைச் சாயமேற்றி, விந்தணுத் தலைகளை அளந்து, வடிவக் கோளாறு அதிகமுள்ள காளைக்குச் சினை பிடிக்கும் திறன் குறைவு என்று கார்னெல் கால்நடை இதழில் எழுதினார்கள். 1931-இல் மோன்ச், ஹோல்ட் இருவரும் அதே கண்ணோட்டத்தை மனிதனுக்குக் கொண்டுவந்தார்கள். கோளாறான தலைகள் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தாண்டினால் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைகிறது என்பது அவர்கள் கணக்கு. அந்த வருஷங்களில் இங்கே நம் ஊர்ப்பக்கம் காளையைச் சோதித்தவனும் இல்லை, கணவனைச் சோதித்தவனும் இல்லை.

இங்கே ஒரு குடும்ப விஷயம். உறவுக்காரர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும், பெயர் வேண்டாம். என் பெரியம்மாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லை. அரசமரம் சுற்றினார், ராமேஸ்வரம் போனார், பாம்புப் புற்றுக்குப் பால் ஊற்றினார். பத்தாவது வருஷம் பெரியப்பாவுக்கு இரண்டாவது பெண் பார்த்தார்கள். பெரியம்மாவே பந்தியில் பரிமாறினார் என்று என் அம்மா சொல்லுவாள். சின்னப் பெரியம்மாவுக்கும் குழந்தை இல்லை. ஒன்றையும் ஒன்றையும் கூட்டினால் இரண்டு என்பது வீட்டில் கணக்குப்பிள்ளை வேலை பார்த்த தாத்தாவுக்குக்கூடத் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் வாயைத் திறக்கவில்லை. இது நடந்தது 1958-இல். அதற்கு ஏழு வருஷம் முன்பே நியூயார்க்கில் ஒருவர் ஆயிரம் அப்பாக்களை எண்ணி முடித்திருந்தார்.

அவர் ஜான் மக்லியோட், கார்னெல் மருத்துவக் கல்லூரி. ரூத் கோல்ட் என்ற பெண்மணியோடு சேர்ந்து வேலை செய்தார். 1951-இல் வந்த அவர்களுடைய ஆய்வில் கர்ப்பிணிகளின் கணவர்கள் ஆயிரம் பேர், குழந்தையில்லாத தம்பதிகளின் கணவர்கள் ஆயிரம் பேர். இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். எளிமையான யோசனைதான். ஆனால் அதற்கு முன்னால் 'இயல்பு' என்று சொன்னவர்களில் பலர், குழந்தை பெற்ற ஆண்களைப் போதுமான அளவு பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 2 கோடி விந்தணு என்ற எல்லைக்கோடு இவர்கள் வேலையிலிருந்து வந்து, பல பத்தாண்டுகள் உலகமெங்கும் நின்றது. அப்பாக்களிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள் என்பதை மட்டும் பலர் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். வடிவத்தையும் மக்லியோட் பார்த்தார். கூம்பிய தலை, சிறிய தலை, பெரிய தலை, இரட்டைத் தலை, உருவமே இல்லாதது என்று வகை பிரித்தார். விதைப்பையில் நரம்பு புடைத்திருக்கும் ஆண்களிடம், அதாவது வெரிகோசீல் உள்ளவர்களிடம், கூம்பிய தலைகள் கூடுதலாக இருப்பதை 1965-இல் எழுதினார்.

அதே கார்னெலில்தான் ஜார்ஜ் பாபனிகோலாவ் இருந்தார். பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் செய்துகொள்ளும் பாப் ஸ்மியர் அவர் பெயரால் வந்தது. அதற்காக அவர் உண்டாக்கிய சாயக் கலவைதான் இன்றும் விந்தணு வடிவத்தைப் பார்க்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் சாயங்களில் ஒன்று. சாயம் ஏற்றினால் தலையின் முன்பாதி வெளிர்நீலமாகவும் பின்பாதி அடர்நீலமாகவும் பிரிந்து தெரியும். முன்பாதிதான் அக்ரோசோம் என்ற தொப்பி. முட்டையின் ஓட்டைத் துளைக்கும் நொதிகள் அதற்குள் இருக்கின்றன. நான் கரும்பலகையில் அதையும் வரைந்தேன், எதற்கு என்று சொல்லவில்லை.

இப்போது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். விடைத்தாள் திருத்துவது.

பொதுத்தேர்வு திருத்தும் முகாமில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே விடைத்தாளை இரண்டு பேரிடம் கொடுத்தால் ஒரே மதிப்பெண் வராது. படத்தில் அம்புக்குறி கொஞ்சம் தள்ளியிருந்தால் ஒருவர் அரை மதிப்பெண் குறைப்பார், ஒருவர் விட்டுவிடுவார். காலை பத்து மணிக்கு ஒரு மனசு, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வேறு மனசு. அதனால்தான் விடைக்குறிப்பு, தலைமைத் தேர்வாளர், மறுகூட்டல் எல்லாம்.

விந்தணு வடிவம் பார்ப்பதும் விடைத்தாள் திருத்துவதேதான். 1966-இல் மேத்யூ ஃப்ராய்ண்ட் என்ற அமெரிக்கர் பல ஆய்வுக்கூடங்களுக்கு ஒரே மாதிரிகளை அனுப்பி மதிப்பிடச் சொன்னார். ஆளுக்கு ஒரு விடை வந்தது. ஒருவர் இயல்பு என்றதை இன்னொருவர் கோளாறு என்றார். ஸ்வீடனில் ரூனே எலியாசன் 1971-இல் அளவுகோல் எழுதினார். பாரிஸில் ஜார்ஜ் டேவிட் 1975-இல் வேறொரு வகைப்பாடு தந்தார். ஒரே விந்தணுவில் தலைக்கும் வாலுக்கும் கோளாறு இருந்தால் இரண்டையும் தனித்தனியாகக் குறிக்கும் முறை அது. பிரான்ஸில் அதுதான் நிலைத்தது. ஆக உலகத்தில் இரண்டு மூன்று விடைக்குறிப்புகள் ஒரே சமயத்தில் புழங்கின.

இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் உலக சுகாதார நிறுவனம் 1980-இல் விந்துப் பரிசோதனைக் கையேட்டை வெளியிட்டது. அதன் பிறகு 1987, 1992, 1999, 2010, 2021 என்று ஐந்து திருத்தப் பதிப்புகள். இனி நான் சொல்லும் எண்களைக் கவனமாகப் பாருங்கள். இயல்பான வடிவம் எத்தனை சதவீதம் இருக்க வேண்டும்? முதல் பதிப்பில் 80-ஐ ஒட்டி. 1987-இல் 50. 1992-இல் 30. 1999-இல் தெளிவான எல்லை சொல்லாமல், 15-க்குக் கீழே போனால் சோதனைக்குழாய் முறையில் கருவுறுவது குறையலாம் என்றார்கள். 2010-இல் 4. 2021-லும் 4.

எண்பதிலிருந்து நான்கு! முப்பது வருஷத்தில் ஆண்குலம் இப்படிச் சீரழிந்துவிட்டதா? இந்த வரிசையை மட்டும் காட்டிப் பயமுறுத்தி லேகியம் விற்கிறவர்கள் யூடியூபில் இருக்கிறார்கள். என் மாணவனும் அதில் ஒரு வீடியோ பார்த்திருந்தான். நடந்தது வேறு. திருத்துகிறவர்கள் கண்டிப்பாகிவிட்டார்கள்.

இது தென்னாப்பிரிக்காக் கதை. கேப்டவுனுக்குப் பக்கத்தில் டைகர்பெர்க் மருத்துவமனை. அங்கே தீனஸ் க்ரூகர் என்ற மருத்துவரும், ரூலோஃப் மெங்க்வெல்ட் என்ற ஆய்வுக்கூட நிபுணரும். எது இயல்பு என்பதை நாம் ஏன் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும் என்று மெங்க்வெல்ட் யோசித்தார். பெண்ணின் உடம்பே ஒரு சல்லடை வைத்திருக்கிறது. உறவுக்குப் பின் கருப்பைவாய்ச் சளியைத் தாண்டி மேலே போன விந்தணுக்களை எடுத்துப் பார்த்தார். வெளியே இருந்த குப்பைக்கூட்டம் அங்கே இல்லை. பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல, வழுவழுப்பான நீள்முட்டை வடிவத் தலைகள். அதுதான் மாதிரி என்று வைத்துக்கொண்டார்கள். தலை நீளம் 4 முதல் 5 மைக்ரான், அகலம் 2.5 முதல் 3.5, தொப்பி தலையில் 40 முதல் 70 சதவீதத்தை மூடியிருக்க வேண்டும், நடுப்பகுதி ஒல்லியாக நேராக, வால் ஒன்றே ஒன்று, சுருளாமல், தலையைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

அடுத்த விதிதான் முக்கியம். சந்தேகம் வந்தால் கோளாறு என்றே எழுது. முன்பெல்லாம் சந்தேகத்தின் பலன் விந்தணுவுக்கு; இனிமேல் கிடையாது. எல்லைக்கோட்டில் நிற்பதெல்லாம் பெயில். பழைய கணக்கில் 60, 70 வாங்கியவர் இந்தக் கணக்கில் 12, 15 என்று வந்து நின்றார். ஆள் மாறவில்லை, ஸ்லைடு மாறவில்லை. விடைக்குறிப்பு மாறியது.

அப்படியானால் இவ்வளவு கெடுபிடி எதற்கு? சோதனைக்குழாய் சிகிச்சைக்கு. 1978-இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்த பிறகு முட்டையையும் விந்தணுவையும் தட்டில் வைத்து நேரடியாகப் பார்க்க முடிந்தது. 1986-இல் க்ரூகர் குழு, கண்டிப்பான அளவுகோலில் 14 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களின் விந்தணு தட்டில் நன்றாகக் கருவுறச் செய்கிறது, அதற்குக் கீழே குறைகிறது என்று காட்டியது. இரண்டு வருஷம் கழித்து அமெரிக்காவில் நார்ஃபோக் நகரக் குழுவோடு சேர்ந்து அதையே இன்னும் பிரித்துப் பார்த்தார்கள். 4-க்கும் 14-க்கும் நடுவில் உள்ளவர்கள் பரவாயில்லை, 4-க்குக் கீழே உள்ளவர்களுக்குத் தட்டில் கருவுறுவது மிகவும் குறைவு. இது சிகிச்சைக்கு வந்த தம்பதிகளிடம், தட்டில் பார்த்த கணக்கு. வீட்டில் இயற்கையாகக் குழந்தை பிறக்குமா என்ற கேள்விக்கு எழுதிய விடை அல்ல. ஆனால் எண் மட்டும் தனியே பயணம் போய்விட்டது. குட்டி மனிதன் படம் மாதிரி.

பிறகு 1992-இல் பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் குழு ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் குழந்தை பிறந்ததை வெளியிட்டது. இக்ஸி என்று விளம்பரப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஊசியில் ஏற்றும்போது, மீதி எத்தனை சதவீதம் கோளாறு என்ற கேள்வியின் கனம் பெரிதும் குறைந்துபோனது.

இப்போது 2010-இன் 4 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இதை நிதானமாகப் படியுங்கள், என் மாணவனுக்குத் தூக்கம் வந்தது இந்தப் பத்தியால்தான். தட்டுக் கணக்கிலும் 4 இருந்தது, இந்த 4 வேறு. மனைவி பன்னிரண்டு மாதத்துக்குள் கருத்தரித்த ஆண்களின் விந்துப் பரிசோதனைகளைப் பல நாடுகளிலிருந்து திரட்டினார்கள். மூன்று கண்டங்கள், எட்டு நாடுகள், அளவைப் பொறுத்து 1900 பேர் வரை. அத்தனை பேரும் அப்பாக்கள். சிறிய எண்ணிலிருந்து பெரிய எண் வரை வரிசையில் நிறுத்தினார்கள். நூறு பேர் நிற்கிறார்கள் என்றால் முன்னாலிருந்து ஐந்தாவது ஆளின் எண் என்ன? அதுதான் 4 சதவீதம். அதாவது அந்தக் கோட்டுக்குக் கீழே நின்ற ஐந்து பேரும் ஒரு வருஷத்துக்குள் அப்பா ஆனவர்கள்தான்! தேர்ச்சி மதிப்பெண் என்றால் 34 எடுத்தவன் பெயில். இது அப்படிப்பட்ட கோடே இல்லை. பெயிலானவர்கள் யாரையும் வைத்து அந்தக் கோடு போடப்படவில்லை. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் சீனா, ஈரான், எகிப்து எல்லாம் சேர்ந்தன. நாம் அப்போதும் இல்லை.

2001-இல் அமெரிக்காவில் குஸிக் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. குழந்தையில்லாத தம்பதிகளின் ஆண்கள் 765 பேர், குழந்தையுள்ளவர்கள் 696 பேர். கண்டிப்பான அளவுகோல்தான். 12-க்கு மேல் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, 9-க்குக் கீழே என்றால் சந்தேகம், நடுவில் சொல்ல முடியாது என்றார்கள். அதைவிட முக்கியமாக, இரண்டு கூட்டமும் ஏகத்துக்கு ஒன்றின்மேல் ஒன்று கவிந்து கிடக்கிறது, எந்த ஓர் அளவையும் தனியாக வைத்து ஒருவரை மலடு என்று சொல்ல முடியாது என்றார்கள்.

எண்ணுகிற கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு ஸ்லைடில் குறைந்தது 200 விந்தணு எண்ண வேண்டும், எண்ணெய் வைத்து ஆயிரம் மடங்கு பெரிதாக்கி. இரண்டாவது ஸ்லைடில் இன்னொரு 200. ஒரு தடவை 200 எண்ணினால் 4 சதவீதம் என்பது எட்டு. 3 சதவீதம் என்பது ஆறு. என் மாணவனின் இரண்டு நாள் தூக்கம் இரண்டே இரண்டு விந்தணுவில் போயிருக்கிறது. 200-இல் ஆறு என்று எண்ணினால், உண்மையான விகிதம் 1-லிருந்து 6 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். அவன் ரிப்போர்ட்டில் எத்தனை எண்ணினார்கள், எந்தச் சாயம், எந்த அளவுகோல் என்று ஒரு வரியும் இல்லை. 3% என்று மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

மனித இனமே இந்த விஷயத்தில் கொஞ்சம் அலங்கோலம்தான் என்பதையும் அவனிடம் சொன்னேன். பொலிகாளையிடம் 70 சதவீதமாவது இயல்பாக இருக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள். மனித விந்தணு அப்படி இல்லை. நல்ல ஆரோக்கியமானவனிடமும் பெரும்பாலானவை கோணல்மாணல்தான். கொரில்லாவும் நம் கட்சி. "அப்போ காளையை விட நான் மோசமா சார்?" என்றான். சிரித்தான். நான்கு நாளில் முதல் சிரிப்பு.

அதற்காக வடிவம் பார்ப்பதே வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில அபூர்வமான நிலைகளில் அதுதான் நோயைக் காட்டிக்கொடுக்கும். எல்லாத் தலைகளும் உருண்டையாக, தொப்பியே இல்லாமல் இருந்தால், அவை தாமாக முட்டைக்குள் போக முடியாது. எல்லாத் தலைகளும் பூதாகாரமாக, பல வால்களோடு இருந்தால் குரோமோசோம் எண்ணிக்கையில் கோளாறு. இவை மரபணுப் பிரச்சினைகள், சாயமேற்றிய ஸ்லைடில் கண்ணுக்குத் தெரியும். ஆகவே ரிப்போர்ட்டில் சதவீதத்தை மட்டும் பார்க்காமல், கோளாறு எந்த வகை என்றும், மொத்த எண்ணிக்கை, நீந்தும் திறன் எப்படி என்றும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டும். நான் மருத்துவன் இல்லை. என் வேலை எண் எங்கிருந்து வந்தது என்று சொல்வது வரைதான்.

இன்னொன்று. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும், முதிர்ந்து வெளியே வர இன்னும் சில நாட்கள். இன்று காட்டும் ரிப்போர்ட் உண்மையில் இரண்டரை, மூன்று மாதத்துக்கு முந்தைய உடம்பின் ரிப்போர்ட். நடுவில் கடும் காய்ச்சல் வந்ததா என்று அவனிடம் கேட்டேன். வந்திருக்கிறது, டெங்கு, ஐந்து நாள் ஆஸ்பத்திரி. லேப்பில் யாரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

மருமகளிடம் சொன்னானா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவன் அம்மா நான்கு வருஷமாக மருமகளைத்தான் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, குழாய்ப் பரிசோதனை எல்லாம் இரண்டு தடவை முடிந்துவிட்டது. இவனுக்கு இதுதான் முதல் பரிசோதனை. ஒரு சின்ன டப்பா, அரைமணி நேரம், சில நூறு ரூபாய். அது நான்காவது வருஷம்தான் நடந்திருக்கிறது.

அவனிடம் என் பெரியம்மா கதையைச் சொன்னேன். உறவுகள் மன்னிக்கவும், இதுவரை வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை. பெரியப்பா 1983-இல் போனார். அதன் பிறகு இரண்டு பெரியம்மாக்களும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். நான் கோடை விடுமுறைக்குப் போனால் ஒருவர் தோசை வார்ப்பார், ஒருவர் சட்னி அரைப்பார். எனக்கு வேலை கிடைத்து, பாடப்புத்தகத்தில் அந்தப் படத்தை வரைய ஆரம்பித்த பிறகு, ஒருநாள் மூத்த பெரியம்மா கேட்டார்: "ஏன்டா, ஆம்பளைக்கும் கோளாறு இருக்குமாமே, ரேடியோவில சொன்னான், உங்க புஸ்தகத்தில போட்டிருக்கா?" போட்டிருக்கு பெரியம்மா என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் இளையவரிடம் ஏதோ மெதுவாகச் சொல்வது கேட்டது.

அன்று சாயங்காலம் அவன் மனைவியிடம் ரிப்போர்ட்டைக் காட்டியிருக்கிறான். அவனுடைய அம்மாவிடம் இன்னும் இல்லை. அதற்கு நான் வர வேண்டுமாம். அடுத்த பரிசோதனை கார்த்திகை முதல் வாரம், வேறு லேப்பில். எத்தனை எண்ணினீர்கள், எந்த அளவுகோல் என்று கேட்க ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.